சீட்டு வாங்கி வரச் சொன்னால் போதாது

காலை ஐந்தரை மணிக்கு கோவை ஆர்.எஸ்.புரத்து டி.பி. ரோட்டில் நகைக்கடைகளும் துணிக்கடைகளும் ஷட்டர் இறக்கிக் கிடக்கும். மாடிகளில் மட்டும் விளக்கு எரியும். அந்த மாடிகள் பலவற்றில் ஜிம். நூல் வியாபாரி, பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர், பேங்கில் ரிட்டையர் ஆனவர், பிள்ளை பெற்று ஆறு மாதமான பெண் என்று எல்லாரும் அந்தப் படிகளில் ஏறி வருவார்கள். சேருகிற நாளில் ரிசப்ஷனில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, எடை, எத்தனை கிலோ குறைய வேண்டும், மூன்று மாதமா ஒரு வருடமா. அடியில் ஒரு வரி: ஏதேனும் நோய் உண்டா? உண்டு என்று எழுதியவரிடம் அப்போதே சொல்லிவிடுவார்கள். "டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க சார், ஆரம்பிச்சுரலாம்."

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. பதினாறு வருடமாக இந்தப் பகுதியில் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதல் மூன்று வருடம் இதே வாக்கியத்தை நானும் தினமும் சொன்னவன்.

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது டாக்டர் வேலை. உடம்பை வேலை வாங்குவது டிரெய்னர் வேலை. டிரெய்னர் நோய்நொடி விசாரிக்கத் தொடங்கினால் அரைகுறை வைத்தியத்தில் போய் முடியும். ஆகவே சர்க்கரையோ பிரஷரோ இதயக் கோளாறோ எது இருந்தாலும் முதலில் மருத்துவச் சான்று. சான்று வந்துவிட்டால் யாருக்கும் கவலை இல்லை. ஜிம் முதலாளிகள் இப்படி நினைக்கிறார்கள். மருத்துவர்களில் பலர் இப்படி நினைக்கிறார்கள். ஜிம்மில் ஒருவர் விழுந்து இறந்தால் மறுநாள் பத்திரிகையும் இதையே எழுதுகிறது. என் அனுபவத்தில் இந்த ஏற்பாடு உள்ளே வந்தவரைக் காப்பாற்றுவதில்லை. வந்தே ஆகவேண்டியவரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுகிறது. விசாரிக்க வேண்டிய ஆள் டிரெய்னர்தான். சேருகிற நாளில் மட்டும் போதாது, வருகிற ஒவ்வொரு நாளும் விசாரிக்க வேண்டும்.

அந்த முதல் மூன்று வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் அப்போது வேலை பார்த்த ஜிம்மில் ஒரு நூல் வியாபாரி சேர்ந்தார். வயது 56. சர்டிபிகேட் கேட்டேன், மறுநாளே கொண்டு வந்தார். லெட்டர்ஹெட்டில் ஒரே வரி: உடற்பயிற்சி செய்யத் தகுதியானவர். கீழே கையெழுத்து, முத்திரை. கோப்பில் வைத்தேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். 220-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும், வருவதில் 70 சதவீதத்துக்கு நாடித்துடிப்பு ஏறும்வரை நடக்க வைக்க வேண்டும். அவருக்கு 115 வர வேண்டும். 92-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. சுணங்குகிறார் என்று நினைத்து டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டினேன். ஏற்றத்தைக் கூட்டினேன். "முடியுதுங்களா?" என்று கேட்டால் "முடியுதுங்க மாஸ்டர்" என்பார். நம் பக்கத்து ஆள், சொல்லிக்கொடுக்கிறவரிடம் முடியவில்லை என்று சொல்ல நா எழாது. இருபதாவது நிமிடத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "கண்ணைக் கட்டுதுங்க" என்றார். உதடு வெளுத்திருந்தது.

இறக்கிப் படுக்க வைத்தோம். அரைமணியில் தெளிந்துவிட்டார். அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை அப்போதுதான் பார்த்தேன். மெட்டோபுரோலால். இரண்டு வருடமாகச் சாப்பிட்டு வருகிறார். நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது அந்த மாத்திரையின் வேலை. 92 என்பது அவருக்கு ஏற்கெனவே கடும் உழைப்பு. நான் துடிப்பை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாத்திரை அதை இறக்கிக்கொண்டிருந்தது, நடுவில் அந்த மனிதர் அகப்பட்டுக்கொண்டார். டாக்டர் எழுதியதில் தப்பே கிடையாது. அவர் நடக்கத் தகுதியானவர்தான். ஆனால் நான் என்ன கணக்கு வைத்து நடக்கவிடுவேன் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? மாத்திரையையும் டிரெட்மில்லையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கக் கூடியவன் நான் ஒருவன். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அன்றிலிருந்து அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடிக் கணக்கை விட்டுவிட்டேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இது போதும். "நோய் உண்டா" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். மாத்திரை அட்டையைக் கொண்டு வரச் சொல்கிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் வரும் பதிலில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. "பிரசர் இருந்துதுங்க, இப்ப இல்லீங்க. மாத்திரை போடறேன்ல" என்பார்கள். மாத்திரையில் அடங்கிய நோய் அவர்கள் கணக்கில் நோயே இல்லை. "சக்கரைங்களா? அது எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே." இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. படிவத்தில் இருந்த கேள்விதான் மோசம்.

சான்றிதழுக்கு வருகிறேன். ஒரு மருத்துவர் ஓ.பி.யில் கூட்டத்துக்கு நடுவில் அந்த ஒரு வரியை எழுதித் தருகிறார். எதற்குத் தகுதி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்று வருவதும் உடற்பயிற்சி, லெக் பிரஸ்ஸில் நூறு கிலோவை மூச்சைப் பிடித்துத் தள்ளுவதும் உடற்பயிற்சி. உடம்புக்குள் இரண்டும் ஒன்றா? கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்கட்டு வீரர்கள் ஐந்து பேரின் ரத்தக்குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை அளந்து 1985-இல் வெளியிட்டார்கள். இரு காலாலும் எடையைத் தள்ளும்போது சராசரி 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350. மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளுவதுதான் அதில் பெரிய காரணம். அவர்கள் பழகிய இளைஞர்கள், தாங்கினார்கள். சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் புதுப்புது மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும் ஒருவருக்கு அதில் கால்வாசி ஏறினாலே உள்ளே கசிவு ஏற்படலாம். அப்படிப்பட்டவரும் நன்றாக நடக்கலாம். அவருக்கும் டாக்டர் தருவது அதே ஒரு வரி: தகுதியானவர்.

அதனால் நான் சான்றிதழ் கேட்பதில்லை, கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். இவர் இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறார். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடை, இரண்டு நாள் லேசான எடை, மூச்சைப் பிடிக்கவிடாமல் செய்யவைக்க நினைக்கிறேன். இதில் எதை விட வேண்டும்? விழித்திரை கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? என்ன அறிகுறி தெரிந்தால் உங்களிடம் உடனே அனுப்ப வேண்டும்? இவ்வளவுதான் கடிதம். பதில் எழுதாத மருத்துவர் அபூர்வம். கேள்வி கேட்டால் பதில் வருகிறது. முத்திரை கேட்டவனுக்கு முத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது.

"சரி, எதற்கும் எல்லாரும் டாக்டரைப் பார்த்துவிட்டே வரட்டும், அதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் பெரியது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு ஒரு காலத்தில் வயது, புகை, கொழுப்பு, குடும்ப வரலாறு என்று ஆபத்துக் காரணிகளை எண்ணி, இத்தனைக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் அனுப்பு என்று விதி வைத்திருந்தது. அந்த விதியை அமெரிக்க மக்கள்தொகை ஆய்வுத் தரவில் பொருத்திப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. 40 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும் என்றது அது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைப் பிடிக்கும் சல்லடையை வைத்துக்கொண்டு எதைச் சலிப்பது? 2015-இல் அந்த அமைப்பே விதியை மாற்றியது. இப்போது அவர்கள் பார்ப்பவை: ஆள் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறாரா, இதயம், சிறுநீரகம், சர்க்கரை தொடர்பான நோயோ அறிகுறியோ இருக்கிறதா, எவ்வளவு கடுமையான பயிற்சி செய்ய விரும்புகிறார். மூன்றும் வாய்விட்டுக் கேட்டால் தெரிந்துவிடுகிற விஷயங்கள்.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 35 சதவீதத்துக்கு மேல். இத்தனை பேரும் நடக்கத் தொடங்கும் முன் கையெழுத்துக்காக வரிசையில் நிற்க வேண்டுமா? நிற்க மாட்டார்கள். சீட்டு வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வராதவர்களை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் லீவு போட வேண்டும், ஃபீஸ் கொடுக்க வேண்டும், அங்கே போனால் இன்னும் நாலு டெஸ்ட் எழுதித் தருவார்களோ என்ற பயம் வேறு. வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். உடற்பயிற்சி யாருக்கு மருந்தாகுமோ அவர்தான் இப்படி வெளியே நிற்கிறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970-களில் ஏழு கேள்வி கொண்ட ஒரு தாளை உண்டாக்கியதே இதைத் தவிர்க்கத்தான். பின்னாளில் திருத்திய வடிவில் அதன் கேள்விகள்: இதய நோய் இருப்பதாக டாக்டர் சொன்னாரா, உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, சும்மா இருக்கும்போது கடந்த மாதத்தில் வலித்ததா, தலைசுற்றி நிலை தடுமாறுகிறதா, எலும்பு மூட்டுக் கோளாறு உண்டா, பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை உண்டா, வேறு காரணம் எதுவும் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் மெதுவாகத் தொடங்கலாம். பெரும்பாலோரை உள்ளே விடுவதும், சிலரை மட்டும் மருத்துவரிடம் அனுப்புவதும் அந்தத் தாளின் நோக்கம். நம் ஜிம்கள் அதை ஒரே வரியாகச் சுருக்கி, உள்ளே விடாமல் இருக்கப் பயன்படுத்துகின்றன.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தார். வயது 46. தினமும் பயிற்சி செய்தவர். அன்று காலையும் பயிற்சி செய்தார், பிறகு உடம்பு சரியில்லை என்று குடும்ப மருத்துவரிடம் போனார், அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு போயும் பிழைக்கவில்லை. பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. இங்கேயும் ஒரு மாதம் வரைக்கும் "மாஸ்டர், நான் டி.எம்.டி. எடுத்துட்டேன்" என்று ரிப்போர்ட்டை நீட்டியவர்கள் ஏராளம். லேப் வாசல்களில் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் போர்டுகள் தொங்கின. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன், எனக்கும் அந்த வாரம் தூக்கம் இல்லை. ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றால் இனி கேட்க ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியதை ஏற்க மாட்டேன். படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி. அந்த நிமிடத்து நிலையைச் சொல்லும். டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் டி.எம்.டி., ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைக் காட்டிக்கொடுக்கும். மாரடைப்புகளில் பல, அவ்வளவு பெரிதாகாத கொழுப்புப் படிவு ஒரு நாள் திடீரென்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. அது போன மாத ரிப்போர்ட்டில் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ரிட்டையரான ஒரு டீச்சரம்மா என்னிடம் வந்துகொண்டிருந்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட் கோப்பில் இருக்கிறது, எல்லாம் நார்மல். ஒரு செவ்வாய்க்கிழமை, "எப்படி இருக்கீங்கம்மா, ஏதாவது புதுசா இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு. முந்தாநேத்துல இருந்து மாடி ஏறுனா தாடை வலிக்குது. பல்லு டாக்டரைப் பாக்கோணும்" என்றார். உட்காரும்போது வலிக்கிறதா என்றேன். இல்லை, ஏறினால் மட்டும். அன்று அவரை டிரெட்மில் பக்கமே விடவில்லை. மகனுக்குப் போன் போட்டு இதய மருத்துவரிடம் அனுப்பினேன், ஸ்டென்ட் வைத்தார்கள். நான் எந்த நோயையும் கண்டுபிடிக்கவில்லை. தாடை வலியும் மாடிப்படியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. 47 மருத்துவமனைகளின் வழியாக, 18 முதல் 45 வயது வரையில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரைப் பற்றி விசாரித்தது. கொரோனா தடுப்பூசிமேல் பழி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில் சொன்னது, தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. எவையெல்லாம் இறப்போடு சேர்ந்து வந்தன? முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, கடைசி 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், அதே 48 மணி நேரத்துக்குள் கடுமையான உடல் உழைப்பு. இதில் எதை இ.சி.ஜி. சொல்லும்? "உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே யாராச்சும் போயிட்டாங்களா?", "நேத்து ராத்திரி ஃபங்ஷனா?" என்று கேட்டால் அத்தனையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண ரிசப்ஷன் முடிந்து, மூன்று மணிநேரத் தூக்கத்தோடு திங்கள் காலை அதே எடையைத் தூக்க வருகிறவர்களைக் கண்ணால் பார்ப்பது டிரெய்னர் மட்டும்தான்.

கொங்கு நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் வரும். "எங்க அப்பாரு மாடு கட்டிக் கவலை ஓட்டுனவரு. எழுபது வயசுலயும் மம்முட்டி புடிச்சாரு. அவரு எந்த டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் காட்டுக்குப் போனாரு?" பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். அந்த அப்பாரு, அதாவது தாத்தா, பத்து வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் அந்த வேலையைச் செய்தவர். பேரன் இருபத்தைந்து வருடம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு ஜனவரி ஒன்றாம் தேதி வருகிறார். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,228 பேரை விசாரித்து 1993-இல் ஒரு ஆய்வு வந்தது. கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வாரம் ஐந்து நாளாவது பழக்கமுள்ளவருக்கு 2.4 மடங்கு கூடுகிறது. வாரத்தில் ஒரு நாள்கூடப் பழக்கம் இல்லாதவருக்கு 107 மடங்கு. அப்பாரு முதல் வகை, பேரன் இரண்டாம் வகை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 21,481 பேரைப் 12 வருடம் தொடர்ந்து பார்த்ததில், சுமார் 15 லட்சம் தடவை கடுமையாக உழைத்தால் ஒரு திடீர் மரணம் என்றுதான் வந்தது. ஆபத்து சின்னது. அந்தச் சின்ன ஆபத்தும் பழகாத உடம்பின் முதல் சில வாரங்களில் போய்க் குவிகிறது. நம் ஜிம்களில் ஆளைக் கசக்கிப் பிழிவது அந்த முதல் வாரத்தில்தான். கட்டிய காசுக்கு வலித்தால்தான் திருப்தி என்று இரண்டு பக்கமும் நினைக்கிறோம்.

எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கை எடுபடாது என்பதற்கு வெள்ளியங்கிரி மலை நல்ல உதாரணம். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பூண்டி அடிவாரத்தில் வனத்துறை வருடாவருடம் சொல்கிறது. பிப்ரவரி முதல் மே வரை ஜனம் ஏறிக்கொண்டே இருக்கிறது. 2024 சீசனில் சில வாரங்களுக்குள் பலர் மலையிலேயே இறந்தார்கள். பொத்தாம்பொதுவாக எச்சரித்தால் எல்லாரும் அது அடுத்த ஆளுக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி, உங்களுக்கு எப்படி என்று கேட்டால் பேச்சே வேறு.

"கேட்டாலும் மறைக்கறாங்களே மாஸ்டர்" என்று இளம் டிரெய்னர்கள் என்னிடம் சொல்வார்கள். மறைக்கிறார்கள்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், சீட்டு வாங்கி வரச் சொல்வீர்கள். எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ரிசப்ஷன் மேஜை, பின்னால் நாலு பேர், பாட்டு அலறுகிறது. குதித்தால் சிறுநீர் கசிகிறது என்று எந்தப் பெண் அங்கே சொல்வாள்? சிசேரியன் தையல், கர்ப்பப்பை இறக்கம், நாள் தள்ளிப்போயிருப்பது, எதுவும் அங்கே வராது. கதவு சாத்திய ஓர் அறை வேண்டும், கேட்பது பெண்ணாக இருக்க வேண்டும். வலிப்பு நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தச் சொல் வாசலைத் தாண்டாது. இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஒரம்பரை. படிவம் திறந்த மேஜையில் கிடந்தால் மாலைக்குள் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். ஆளுடைய நோய் எழுதிய நோட்டு ரிசப்ஷனில் பேனாவோடு சேர்த்து நூலில் கட்டித் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தனியே கேட்கிறேன், பூட்டி வைக்கிறேன், சொன்னதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று மூன்று உறுதி கொடுத்த பிறகு என்னிடம் மறைத்தவர்கள் மிகக் குறைவு.

பல ஜிம்களில் சேர்ந்ததும் முதலில் ஏற்றுவது உடல் கொழுப்பை அளக்கும் மெஷினில். லேசான மின்சாரத்தை உடம்புக்குள் செலுத்தி அளக்கும் கருவி அது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஏறக் கூடாது என்று அதைச் செய்கிற கம்பெனிகளே சொல்லியிருக்கின்றன. வாங்குகிறவர்கள் படிக்கிறார்களா? பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்காமலே ஏற்றுகிறார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள அந்த மெஷின் இருக்கிற இடத்தில், இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் பி.பி. மெஷின் இருக்காது. கொழுப்பு சதவீதத்தைக் காட்டினால் பேக்கேஜ் விற்கும். பி.பி. 180 காட்டினால் அன்றைக்கு அந்த ஆளுக்கு எடை கொடுக்க முடியாது, உட்காரவைத்து மறுபடி பார்த்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

மருத்துவர்கள் சொல்லும் எதிர்ப்பு ஒன்றுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. கேட்கச் சொன்னால் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்கிறார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. "ரெண்டு மாசம் வாங்க சார், சக்கரை மாத்திரையையே நிறுத்திரலாம்" என்று சொல்லும் டிரெய்னர்களை எனக்குத் தெரியும். கோபம் வருகிறது. ஆனால் அந்த ஆள் அப்படிப் பேசுவது விசாரிக்கக் கற்றதால் வந்ததா, கற்காததால் வந்ததா? மெட்டோபுரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு தடவை சரியாகக் கற்றவன் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லமாட்டான். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கும், கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுக்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்தவன் இரண்டாமவரை வெறும் வயிற்றில் ஓடவிடமாட்டான். சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வைப்பான். தெரியாதவனுக்கு, சர்க்கரை இறங்கி வேர்த்து நடுங்கி நிற்பவரும் நன்றாக உழைத்து வேர்த்தவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். "சூப்பர், இன்னும் ஒரு செட்" என்பான்.

மருத்துவர் அல்லாதவர் கேட்கக் கூடாது என்றால் மக்களைத் தேடி மருத்துவம் எப்படி நடக்கிறது? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் வீடுவீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள், கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் யாரும் மருந்து மாற்றுவதில்லை. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன், உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எம்.ஆர்.ஐ. அறைக்குள் விடுகிறார், யாரும் அவரைப் போலி டாக்டர் என்று சொல்வதில்லை. ஒரு கிராமத்து அக்காவால் முடிகிறது. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று தனிப் பயிற்சிக்கு வாங்கும் ஆர்.எஸ்.புரத்து டிரெய்னர் இது என் வேலை இல்லை என்றால் எப்படி?

அவனுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. ஃபிட்னஸ் டிரெய்னருக்கு மத்திய அரசின் திறன் மேம்பாட்டு ஏற்பாட்டில் பாடத்திட்டம் இருக்கிறது. அது இல்லாமலும் நாளைக் காலை ஒரு ஜிம்மில் மாஸ்டர் ஆகிவிடலாம், கை தடியாக இருந்தால் போதும். காலை ஆறு மணிக்கு இருபத்தைந்து பேருக்கு ஒரு ஆளை நிறுத்திவிட்டு அவன் விசாரிக்கவில்லை என்று அவனைமட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. புதிதாக வருகிறவருக்கு இருபது நிமிடம், தினமும் வருகிறவருக்கு ஒரு நிமிடம். அந்த நேரத்தைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டியவர் முதலாளி. அவரோ படிவத்தின் அடியில் 'எனக்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதியும் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வகை இருக்கிறது, அப்படிப்பட்ட வாசகத்தைச் செல்லாது என்று மாநில ஆணையம் அறிவிக்கலாம்.

மாநகராட்சி தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூன்றை மட்டும் கேட்கட்டும். கதவுள்ள ஓர் அறை, வேலை செய்யும் ஒரு பி.பி. மெஷின், நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவி தெரிந்த ஒருவர் எல்லா நேரமும் தளத்தில். இதற்கு மாடியில் இருக்கிற எந்த ஜிம்மும் நொடித்துப் போகாது.

வருகிற திங்கட்கிழமை புதிதாக நாலு பேர் வருகிறார்கள். ஒருவர் பைபாஸ் செய்துகொண்டவர், ஒருவருக்கு இன்சுலின், ஒரு பெண்ணுக்கு முட்டிவலி, நாலாமவர் தனக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். நாலு பேரையும் மாத்திரை அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுமே இல்லை என்றவரிடம்தான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கும்.